புது டி.வி, பழைய ஒயர்: படம் ஏன் கலங்குகிறது?

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலை எடை போட்டுப் பணம் கைக்கு வந்ததும், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேச்சு மூன்று விஷயத்தைச் சுற்றியே இருக்கும். கடனை அடைப்பது ஒன்று. அடகில் இருக்கும் நகையை மீட்பது இன்னொன்று. மிச்சம் ஏதாவது நின்றால், வீட்டுக்கு ஒரு நல்ல டி.வி. முதல் இரண்டுக்கும் யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. மூன்றாவதுக்கு யோசனை சொல்பவர் பெரும்பாலும் விற்கிற கடைக்காரர் ஒருவர்தான்.

நான் மூன்று ஏக்கரில் நிலக்கடலையும் கொஞ்சம் முந்திரியும் வைத்திருக்கும் விவசாயி. இளவயதில் ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சில வருடம் விருத்தாசலத்தில் டி.வி பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். அதனால் டி.வி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் இலைப்புள்ளி நோய்க்கு என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி, ‘எத்தனை இன்ச் வாங்கலாம், 4கே-ன்னா என்ன, பின்னாடி இத்தனை ஓட்டை எதுக்கு’ என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டி.வி மட்டும் எச்.டி-யாக இருந்தால் படம் எச்.டி-யாக வராது. அனுப்பப்படும் சேனல், அதை வாங்கும் செட்டாப் பாக்ஸ், நடுவில் போகும் ஒயர், கடைசியில் டி.வி என்று நான்கும் சரியாக இருக்க வேண்டும். இது நமக்குத் தெரிந்த கணக்குதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஏழரை எச்.பி மோட்டார் இருக்கிறது, மூன்று இன்ச் குழாயும் போட்டாயிற்று. நடுவில் ஓரிடத்தில் மட்டும் முக்கால் இன்ச் குழாயைச் செருகி வைத்தால், வயலுக்கு வருவது முக்கால் இன்ச் தண்ணீர்தான்.

புள்ளிகளின் கணக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ணப் படம் வந்தது. அந்தப் பழைய முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. அதில் திரையில் படமாகத் தெரிவது 576 கோடு. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, வீட்டுக்கு வந்தது 14 இன்ச் பெட்டி. அந்தச் சின்னத் திரைக்கு 576 கோடு தாராளம். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் காட்டிய பயிரும் பூச்சியும் அதில் நன்றாகவே தெரிந்தன.

அதே படத்தை 43 இன்ச் திரையில் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. எங்கள் ஊரில் பீங்கான் கோப்பையில் பூப்படம் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். டீ கப்புக்கு அச்சடித்த சின்ன ரோஜா, கப்பில் அழகாக இருக்கும். அந்த ரோஜாவையே பெரிதாக்கிச் சாப்பாட்டுத் தட்டு முழுக்கப் போட்டால், அச்சின் புள்ளி புள்ளியாகத் தெரியும். தட்டின் மேல் குற்றமில்லை. படத்தில் இருக்கிற புள்ளி அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண சேனலில் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. பெருக்கினால் சுமார் 4 லட்சம். ‘எச்.டி ரெடி’ என்று விற்கும் 32 இன்ச் டி.வி பலவற்றில் 1366-க்கு 768, அதாவது சுமார் 10 லட்சம் புள்ளி. ‘ஃபுல் எச்.டி’ 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம். ‘4கே’ 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். 83 லட்சம் புள்ளி உள்ள திரைக்கு 4 லட்சம் புள்ளி உள்ள படத்தை அனுப்பினால், மிச்சப் புள்ளிகளை டி.வி தானாக இட்டு நிரப்புகிறது. அந்த நிரப்பல்தான் நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது.

பக்கத்து நிலத்து அண்ணன்

எங்கள் பக்கத்து நிலத்து அண்ணன் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து இறங்கும் சரக்கைப் பிரிப்பது அவர் வேலை. கப்பைத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே நல்லதா, விரிந்ததா என்று சொல்லிவிடுவார். வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும், மயிரிழை விரிசல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு கட்டிலும் டி.வி-யும்தான் அவருக்கு உலகம்.

அண்ணி கடலைப் பணத்தில் 43 இன்ச் 4கே டி.வி வாங்கினார். அண்ணன் படுத்தபடியே செய்தியும், கீழே ஓடும் எழுத்தும் படிக்க வேண்டும் என்று பெரிதாகவே வாங்கினார். மாட்ட வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, கடலைக் காசு பூரா இதுலதான் போட்டுட்டேன். பழைய பெட்டியே தேவலாம்போல இருக்கு. கடைக்காரரு டி.வி நல்லாதான் இருக்குன்றாரு. கேபிள்காரரு சிக்னல் நல்லாதான் வருதுன்றாரு. உங்க அண்ணன் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாரு.”

போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் பக்கவாட்டில் இழுத்து அகலமாகத் தெரிந்தது. கீழே ஓடும் எழுத்து நனைந்த தாளில் எழுதிய மாதிரி கசிந்திருந்தது. அண்ணி அடுப்படிக்குப் போன நேரம் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “டி.வி-யை ஒண்ணும் சொல்லாதப்பா. அவ ஆசையா வாங்கினது. என் கண்ணுதான் போயிடுச்சு. அவகிட்ட சொல்லல.”

விரிசலைக் கண்டுபிடித்தே பிழைத்த மனிதர், நோயில் கண்ணும் போய்விட்டது என்று தனக்குள்ளேயே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு பத்து நாளாகக் கட்டிலில் கிடந்திருக்கிறார்.

டி.வி-யின் பின்னால் பார்த்தேன். பழைய செட்டாப் பாக்ஸ். அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள பழைய ஒயர். யார்மேலும் பழி போடுவதற்கு முன், எது நல்லது எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் போனில் எடுத்த எங்கள் முந்திரித் தோப்பு வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றி, டி.வி-யின் யு.எஸ்.பி ஓட்டையில் செருகினேன். இலை நரம்பு வரை தெரிந்தது. அண்ணன் கட்டிலிலிருந்தே, “அந்த மூணாவது கிளையில தேயிலைக் கொசு அடிச்சிருக்கு, பாரு” என்றார். டி.வி-யும் நன்றாக இருந்தது, அவர் கண்ணும் நன்றாக இருந்தது.

மறுநாள் கேபிள்காரரிடம் பேசி எச்.டி பாக்ஸ் மாற்றினோம். எச்.டி.எம்.ஐ ஒயர் போட்டோம். ரிமோட்டில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற இடத்துக்குப் போய்ப் படத்தின் இழுப்பைச் சரி செய்தோம். அண்ணன் கீழே ஓடிய வரியை ஒரு சொல் விடாமல் சத்தமாகப் படித்தார். அண்ணிக்கு எதற்காகப் படிக்கிறார் என்று அன்று புரியவில்லை. அவர் பிறகு சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.வி சரியாகிவிட்டது என்பதற்காகக் கண்ணை விட்டுவிடவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போனபோது கண்ணையும் காட்டிவிட்டு வந்தார்கள். வயதானவர்கள் ‘எழுத்து தெரியவில்லை’ என்றால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பின்பக்கத்து ஓட்டைகள்

டி.வி-யின் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வேலை உண்டு.

வட்டமாக, நடுவில் ஊசி போகிற மாதிரி இருப்பது ஆன்டெனா ஓட்டை. கேபிள் ஒயரை நேராக டி.வி-யில் செருகிய காலத்தில் இதுதான் வாசல். இப்போது செட்டாப் பாக்ஸ் நடுவில் இருப்பதால் பெரும்பாலான வீடுகளில் இதற்கு வேலை இல்லை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்தது ஏ.வி இணைப்பு. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படத்தின் வெளிச்சம், நிறம் எல்லாம் அந்த ஒரே மஞ்சள் ஒயரில் கலந்து போகிறது. இதில் எச்.டி படம் போகவே போகாது. பழைய டி.வி.டி பிளேயருக்கு இது போதும். புது டி.வி-க்கள் சிலவற்றில் மூன்று ஓட்டைக்குப் பதில் இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும். அதற்குரிய சின்ன ஒயர் டி.வி-யுடன் வரும். அதைத் தொலைத்துவிடாதீர்கள், எல்லாக் கம்பெனி ஒயரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று இருந்தால் அது காம்போனென்ட் இணைப்பு. படத்தை மூன்றாகப் பிரித்து மூன்று ஒயரில் அனுப்புகிறது. எச்.டி படமும் போகும். சத்தத்துக்குத் தனியாக வெள்ளை, சிவப்பு வேண்டும். இங்கே இரண்டு சிவப்பு வருவதால் மாற்றிச் செருகிவிடுவது வழக்கம். நிறம் விகாரமாகத் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். இப்போது வரும் டி.வி-க்களில் இது குறைந்துவிட்டது.

மூன்று வரிசையில் 15 ஊசி உள்ளது வி.ஜி.ஏ. பழைய கம்ப்யூட்டர், லேப்டாப்புக்கு. படம் மட்டும் போகும், சத்தம் போகாது.

தட்டையாக, இரண்டு மூலை சரிந்து இருப்பது எச்.டி.எம்.ஐ. 2002-இல் வந்தது. படமும் சத்தமும் ஒரே ஒயரில் டிஜிட்டலாகப் போகின்றன. செட்டாப் பாக்ஸ், லேப்டாப் எதுவானாலும் இதில் செருகுவதுதான் நல்லது. டி.வி வாங்கும்போது இந்த ஓட்டை குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றின் பக்கத்தில் ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும். தனி ஸ்பீக்கர் வைப்பவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

செருகியதும் படம் வந்துவிடாது. ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அமுக்கி, எந்த ஓட்டையில் செருகினோமோ அதைத் தேர்வு செய்ய வேண்டும். செட்டாப் பாக்ஸின் செட்டிங்கிலும் படத்தின் அளவு 1080 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் எச்.டி பாக்ஸ், எச்.டி.எம்.ஐ ஒயர் எல்லாம் இருந்தும், இந்த ஒன்று 576-இல் நிற்பதால் படம் கலங்கலாக வரும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ டி.வி வைக்கும் சுவர் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். திரையின் இன்ச் அளவில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு தூரம் வசதியாக இருக்கும். 32 இன்ச் என்றால் 4 அடி முதல் ஆறரை அடி. 43 இன்ச் என்றால் ஐந்தரை அடி முதல் 9 அடி. 55 இன்ச் என்றால் 7 அடி முதல் பதினொன்றரை அடி. 8 அடி அறையில் 55 இன்ச் மாட்டி அதில் சாதாரண சேனல் ஓட்டினால், புள்ளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த இன்ச் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள அளவு. 43 இன்ச் திரையின் அகலம் சுமார் முப்பத்தேழரை இன்ச், உயரம் 21 இன்ச். அலமாரியில் வைப்பவர்கள் இதற்கு மேல் சட்டத்துக்கும் இடம் விட்டு அளக்க வேண்டும்.

கடையில் ஓடும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது காட்டுவதற்காகவே எடுத்த 4கே படம். நிறமும் வெளிச்சமும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். ‘செட்டாப் பாக்ஸில் சாதாரண சேனல் ஒன்றைப் போடுங்கள்’ என்று கேளுங்கள். நம் வீட்டில் தினமும் பார்க்கப்போவது அதைத்தான். கையோடு ஒரு பென் டிரைவில் நம் போன் வீடியோவையும் கொண்டுபோங்கள். நேராக நின்று பார்த்த பிறகு, பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். திண்ணையிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து பார்க்கிற வீடுகளுக்கு அது முக்கியம்.

32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி-க்கு ஜி.எஸ்.டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். பில்லில் எந்த வரி போட்டிருக்கிறது என்று பாருங்கள். பில், வாரன்டி அட்டை, பெட்டியில் உள்ள சீரியல் எண் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிரச்னை வந்து கடையும் கம்பெனியும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்.

இடியும் மின்னலும்

எங்கள் ஊர் பீங்கான் என்றாலே பலருக்குப் பொம்மையும் கப்பும்தான் நினைவுக்கு வரும். கரன்ட் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் பீங்கான்தான். பீங்கானில் மின்சாரம் பாயாது. அதனால்தான் அங்கே அது இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டையில் மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதில் கையில் கிடைத்த தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அப்போது ஆபத்து நேரத்தில் எரிய வேண்டிய ஃபியூஸ் எரியாது. டி.வி எரியும். புது டி.வி வைக்கும் முன் அதையும், எர்த் கம்பியையும் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிஷ் அல்லது கேபிள் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும், பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ ஒயர் வழியே டி.வி-க்கும் போகும். எல்லா ஒயரும் இப்போது ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

கடலை அடிக்கும் நாட்களில் தூசி டி.வி-யின் பின்பக்கத் துவாரங்களில் அடையும். துணி போட்டு மூடி வையுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். திரையைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் தெளிக்கக் கூடாது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விலை கூடின, தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ ஒயர் வாங்கினால் படம் இன்னும் நன்றாக வருமா?

வராது. இது டிஜிட்டல் இணைப்பு. ஒயர் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், பொரிப் பொரியாக அடிக்கும், அல்லது வரவே வராது. லேசாகக் கலங்கும் வேலை இதில் இல்லை. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சாதாரண நல்ல ஒயர் போதும்.

பழைய பாக்ஸிலேயே எச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கிறதே, அது எச்.டி பாக்ஸ்தானா?

அப்படிச் சொல்ல முடியாது. ஓட்டை இருந்தும் சாதாரணப் படம் மட்டுமே எடுக்கும் பாக்ஸ்கள் உண்டு. கேபிள்காரரிடம் பாக்ஸின் வகையைக் கேளுங்கள். எச்.டி சேனலுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். எல்லாச் சேனலும் எச்.டி-யில் வேண்டியதில்லை. வீட்டில் நிஜமாகப் பார்க்கும் இரண்டு மூன்று சேனலை மட்டும் எடுத்தால் மாதச் செலவு கட்டுக்குள் நிற்கும்.

மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்ன செய்வது?

தூர்தர்ஷனின் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ உண்டு. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை. பொதிகை என்று நாம் அறிந்த சேனல் 2024 ஜனவரி முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலும் சாதாரண அளவுப் படம்தான். அதை மட்டும் பார்ப்பவர்களுக்கு 32 இன்ச் போதும், 4கே-க்குக் கொடுக்கும் பணம் வீண்.

போன் நெட்டிலேயே ஸ்மார்ட் டி.வி பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எச்.டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி வரை இழுக்கும். தினம் 2 ஜி.பி பேக் என்றால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடலாம். 4கே-க்கு மணிக்கு 7 ஜி.பி வரை போகும். கிராமத்துக்கு பிராட்பேண்ட் வந்திருந்தால் அதுதான் கட்டுப்படியாகும்.

கரன்ட் பில் ஏறுமா?

பெட்டியின் பின்னால் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 100 வாட் என்று வைத்து, தினம் 5 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். நட்சத்திர முத்திரையில் நட்சத்திரம் கூடினால் இது குறையும்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய டி.வி இருந்து, படம் கலங்கலாக இருந்தால், புதிதாக எதையும் வாங்காதீர்கள். முதலில் பென் டிரைவில் ஒரு நல்ல வீடியோ போட்டுப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் டி.வி நன்றாக இருக்கிறது. பிறகு ஒயரைப் பாருங்கள், அடுத்து பாக்ஸின் செட்டிங், அடுத்து பாக்ஸின் வகை, கடைசியாகச் சேனல். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் கிணற்றையே மூடிவிட்டு வேறு கிணறு வெட்ட மாட்டோம். ஃபுட்வால்விலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவோம். இதற்கும் அதே பொறுமை போதும்.